காவலும் களவும்

மணிமேகலைக் காப்பியத்திலே, சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை என ஒன்று உண்டு. காயசண்டிகை வடிவு கொண்ட மணிமேகலை அமுதசுரபியை ஏந்திச் சிறைக்கோட்டத்துட் புகுந்து, ஆங்குப் பசியால் வாடினார்க்கெல்லாம் உணவு அளிக்கின்றாள். அதனைக் கேட்ட சோழ வேந்தன் அவளை அழைப்பித்து, வேண்டுவது யாதென வினவுகின்றான். அவள் வேண்டியது பொன்னும் அன்று, பூமியும் அன்று. அச்சிறையைச் சிறையாக வையாமல் அறவோர் உறையும் கோட்டமாக ஆக்குதல் வேண்டும் என்பதே. வேந்தனும் அவ்வாறே செய்தான். இக்காதையைப் பாடமாக நடத்துந்தோறும், "ஐயா, விடுதலை பெற்ற கள்வர் அதன்பின் என்ன ஆயினர்?" என்று வினவும் மாணவன் ஒருவனேனும் வகுப்பில் இருப்பான். சாத்தனார் அதற்கு விடை கூறிற்றிலர். காப்பியம் நின்றவிடத்தில் வரலாற்றைத்தான் கேட்டல் வேண்டும்.

நம் சங்கத்து அன்பர்கள் கூடுமிடத்திலெல்லாம் களவைப்பற்றிய பேச்சு எழுகின்றது. பூட்டை உடைத்தனர், சங்கிலியைப் பறித்தனர், மோட்டாரைக் கழற்றிச் சென்றனர் என்ற செய்திகளுக்குக் குறைவில்லை. பேச்சு முடியுமிடம் பெரும்பாலும் ஒன்றே: தண்டனை போதாது, இன்ன தெருவாரை, இன்ன சாதியாரை ஊரைவிட்டு ஓட்டினால் களவு தானே ஒழியும் என்பது. இம்முடிவு புதியதன்று. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகட்கு முன்னரே இதனைச் சட்டமாக எழுதி, நம் மதுரை நாட்டிலேயே முழுதும் செய்து பார்த்தாயிற்று. அதன் பயன் யாது என்பதை அறிந்தபின் நம்முள் எவரும் அவ்வாறு பேசத் துணியார் என்பது என் கருத்து. ஆதலின் அவ்வரலாற்றைச் சிறிது விரித்துரைக்கப் புகுகின்றேன். காவற்கூலி அளந்த குடிகளுள் நம்மவர் முன்னோரும் இருந்திருத்தல் கூடும். இஃது அயலார் கதை என்று ஒதுக்கத்தக்கதன்று.

மதுரைக்கு மேற்கே நீண்டு கிடப்பது நாகமலை. அதற்கு அப்பால் திருமங்கலத்துக்கு மேற்கும் உசிலம்பட்டியைச் சூழ்ந்தும் உள்ள நாட்டில் வாழ்பவர் பிரமலைக் கள்ளர். மலைக்குப் புறத்தே உள்ளவர் என்னும் பொருளில் புறமலை என்ற சொல்லே அவ்வாறு மருவியது என்பர். கள்ளர் என்னும் பெயரைக்கொண்டு அவர் தொழிலைத் துணிந்தார் பலர். பெயரைக் கொண்டு தொழிலைத் துணிதல் தகாது என்பதற்கு வேறு சான்று வேண்டா. அதே பெயருடையாருள் ஒரு குடியினரான தொண்டைமான்கள் புதுக்கோட்டையில் அரியணை ஏறி, 1948-ஆம் ஆண்டில் அச்சமஸ்தானம் இந்தியாவுடன் இணையும்வரை ஆண்டனர். ஒரு பெயருக்கு ஓரிடத்தில் மகுடமும் மற்றோரிடத்தில் கைரேகைப் பதிவேடும் கிடைத்தன என்றால், அவ்வேறுபாட்டின் காரணம் பெயரில் இல்லை.

பிரமலை நாட்டார் பலருக்கு நெடுங்காலமாக வாய்த்த தொழில் காவல். காவல் என்பது தமிழ்நாட்டில் மிகப் பழைய முறை. சோழர் பாண்டியர் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்ற சொல் பயின்று வருகின்றது. ஊரைக் காத்தற்கும், அதன்பொருட்டுப் பெறும் வரிக்கும் அதுவே பெயர். பிற்காலத்தில் பாளையக்காரர் நாளில் ஓரூரைக் காத்தலைத் தலங்காவல் என்றும், பல ஊர்களையும் வழிகளையும் காத்தலைத் திசைகாவல் என்றும் வழங்கினர். காவற்காரனுக்கு ஊரார் அறுவடைதோறும் நெல்லோ தானியமோ அளப்பர். அவன் காவலில் இருக்கையில் ஒரு மாடு காணாமற் போயின், அதனை அவன் மீட்டுத் தரல் வேண்டும். இயலாதாயின் அதன் விலையைத் தானே தரல் வேண்டும். இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குக. களவு நிகழ்ந்தால் இழப்பு காவற்காரனுக்கு. இக்காலத்தில் ஒரு வீட்டில் பொருள் போயின் காவல் நிலையத்தாருக்கு ஒரு காசும் இழப்பில்லை. பழைய முறை எல்லா வகையிலும் நன்றென்று நான் கூறவில்லை. அச்சுறுத்தியும் கூலி கொண்டனர் என்பது உண்மை. எனினும் காவல் என்னும் பொறுப்போடு ஒருவனுக்குச் சோறும் மதிப்பும் ஒருங்கே பிணைக்கப்பட்டிருந்தன.

இப்பிணைப்பை அறுத்தது கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி. அதற்கும் முன்பே, 1755-ஆம் ஆண்டில், கர்னல் ஹீரான் என்னும் ஆங்கிலப் படைத்தலைவன் மதுரைப் பக்கம் வந்தபோது, கோயில் ஒன்றிலிருந்து செப்புத் திருமேனிகளைக் கவர்ந்துகொண்டு போனான். நத்தம் கணவாயில் கள்ளர் அப்படையை மறித்துப் போரிட்டுத் தம் சாமிகளை மீட்டனர். இச்செய்தியை எழுதிவைத்தவரும் ஆங்கிலேயரே. கோயிற் பொருளை எடுத்துச் சென்றவன் தளபதி எனவும், மீட்டவர் திருடர் எனவும் அவர்தம் நூல்களில் வழங்கலாயினர்!

1801-ஆம் ஆண்டோடு பாளையக்காரர் போர் ஓய்ந்தது. பாளையக்காரர் பெற்றுவந்த காவல் வருவாயைக் கம்பெனியார் தமதாக்கினர். ஊர்த் தலைவரையும் தலையாரியையும் கொண்டு காவலை நடத்துதற்கு 1816-இல் ஒழுங்குவிதி செய்தனர். 1859-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணம் முழுமைக்கும் சம்பளப் போலீஸ் ஏற்பட்டது. ஏட்டில் காவல் ஒழிந்தது, நாட்டில் ஒழியவில்லை. காவற்காரன் தன் உரிமையை இழந்தான். அதற்கு ஈடாக நிலமும் பெற்றிலன், வேலையும் பெற்றிலன். மானம் பார்த்த பூமியாகிய அவ்வட்டாரத்தில் மழை பொய்த்தால் சோளமும் இல்லை, வரகும் இல்லை. ஆதலின் அரசினர் ஒப்பாத காவலையே அவர்கள் மறைவாக நடத்தினர். கூலி கொடாத ஊரில் மாடு மறையும். துப்புக் கூறி மீட்டுத் தருவதற்கு ஒரு கூலி கேட்கப்படும். அதற்குத் துப்புக்கூலி என்று பெயர். 1906-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் என்பார் எழுதி வெளியிட்ட மதுரை மாவட்ட விவரண நூலில் இச்சொல்லே இடம்பெற்றுள்ளது. காவற்கூலி துப்புக்கூலியாக மாறிய அந்த இடமே இவ்வரலாற்றின் கணு. முன்னையது ஊரார் ஒப்பிக் கொடுத்தது. பின்னையது அஞ்சிக் கொடுத்தது. கொண்டவர் அதே மக்கள். இடையில் மாறியது அவர் குருதி அன்று, அவர் நிலை.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாதுவருடப் பஞ்சம் வாட்டியது. கஞ்சித்தொட்டி வாயிலில் நின்றவர் போக எஞ்சினோருள் பலர் தானியக் கிடங்குகளைக் கொள்ளையிட்டனர். சிறைகள் நிரம்பி வழிந்தன. அச்சிறையில் இருந்தோர் எல்லாச் சாதியினரும் ஆவர். மழை பெய்து விலை தணிந்ததும் சிறைக் கூட்டமும் தணிந்தது. இதனைக் கண்ணாரக் கண்ட அதிகாரிகளே, சில ஆண்டுகள் கழித்துக் களவுக்குக் காரணம் பிறப்பென்று எழுதினமை வியப்பே.

காவற்கூலி கொடுத்துச் சலித்த குடிகள் ஒருமுறை தாமே திரண்டெழுந்தனர். 1896-ஆம் ஆண்டில் திண்டுக்கல் வட்டாரத்துச் சிற்றூர்களில் வேளாண் குடிகள் கூடி, இனிக் கள்ளரைக் காவலுக்கு வைப்பதில்லை என உறுதி செய்து, மாடிழந்தார்க்கு ஈடு செய்யப் பொதுப்பணம் திரட்டினர். அப்பணத்துக்கு ஆங்கிலச் சொல்லைத் திரித்துப் பண்டு என்று பெயரிட்டமையால் அவ்வெழுச்சியே பண்டு எனப்பட்டது. காவல் வேண்டா என்னும் அளவில் அவர் செய்தது நியாயமே. ஆயின் அது அவ்வளவில் நில்லாது, வீடுகளுக்குத் தீயிடுதலும் குடும்பங்களை ஊரினின்று துரத்துதலுமாக முடிந்தது. துரத்தப்பட்டவர் எங்கே சென்றனர்? முன்னரே வறண்டு கிடந்த மேற்கு நாட்டுக்கே மீண்டனர். அங்கே வாய்கள் மிகுந்தன, வேலை மிகவில்லை. இன்ன சாதியாரை ஓட்டிவிட்டால் போதும் என்று இந்நாளிற் பேசுவோர் இதனை ஒருகணம் எண்ணிப் பார்த்தல் நன்று.

இனி, இவ்வரலாற்றில் யான் மிகவும் போற்றும் பகுதிக்கு வருகின்றேன். பண்டு எழுதற்கு முந்திய ஆண்டாகிய 1895-இல் பெரியாற்று அணை திறக்கப்பட்டது. மேற்கு நோக்கிப் பாய்ந்து அரபிக்கடலிற் கலந்த பெரியாற்றை, பென்னிகுயிக் என்னும் பொறியாளர் தலைமையில் எட்டாண்டு உழைத்துத் தடுத்து, மலையைக் குடைந்து, கம்பம் பள்ளத்தாக்கின் வழியே வைகையிற் சேர்த்தனர். வைகையிலிருந்து பேரணை என்னுமிடத்தில் கால்வாய் பிரிந்து, மதுரைக்கு வடக்கே சென்று மேலூர்ப் பகுதியை அடைந்தது. அம்மேலூர் நாட்டாரும் கள்ளரே; நத்தம் கணவாயில் ஹீரானை மறித்தவரின் வழியினர்; ஆங்கிலேயர் ஏடுகளில் மேற்கு நாட்டாரினும் கொடியவராக ஒரு காலத்தில் எழுதப்பட்டவர். தண்ணீர் வந்தது. மேட்டுக்காடு நஞ்சையாயிற்று. ஓரிரு தலைமுறைக்குள் அவர்கள் ஏர் பிடித்து நெல் விளைக்கும் குடியானவர் ஆயினர். மேலூர்ப் பக்கம் களவு குறைந்தமை பெரியாற்று நீரின் பயனே என அதிகாரிகளே எழுதினர்.

கால்வாயோ வைகைக்கு வடகரையில் ஓடிற்று. திருமங்கலத்துக்கு மேற்கேயுள்ள நாடு தென்புறத்தது, மேடானது. கம்பம் வழியே வந்த நீர் அந்நாட்டைச் சுற்றிக்கொண்டு வேறிடம் போயிற்று. ஒரே மாவட்டம், ஒரே பெயருடைய மக்கள், ஒரே தெய்வங்கள், ஒரே பழைய காவற்றொழில். கிழக்கில் உள்ளார்க்கு நீர் கிடைத்தது. மேற்கில் உள்ளார்க்குச் சில ஆண்டுகளிற் சட்டம் கிடைத்தது. விஞ்ஞானிகள் சோதனைச்சாலையில் ஒன்றற்கு மருந்திட்டும் மற்றொன்றற்கு இடாதும் பார்ப்பர் எனக் கேட்டிருக்கின்றோம். இங்கே எவரும் கருதாமலே அத்தகைய சோதனை ஒன்று நடந்தேறியது. ஆயின் அதன் முடிவைப் படிக்க எவருக்கும் மனமில்லை.

அச்சட்டம் குற்றப் பரம்பரைச் சட்டம் எனப்படுவது. முதலில் 1871-ஆம் ஆண்டில் வட இந்தியாவுக்கென இயற்றப்பட்டது. நெசவும் தச்சும் தந்தையிடமிருந்து மகனுக்கு வருதல்போலக் களவும் குலத்தொழிலாக வரும் என்பது அதனைக் கொணர்ந்தோர் கூறிய நியாயம். 1911-இல் அது திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. 1914-இல் நாகமலை அடியிலுள்ள கீழக்குடிக் கள்ளர்மீது அதனை ஏவினர். அடுத்த சில ஆண்டுகளிற் பிரமலைக் கள்ளர் சமூகத்தின்மீதே பரப்பினர். அதன் விதிகளுட் சிலவற்றைக் கேளுங்கள். ஒரு கூட்டத்தாரைக் குற்றப் பரம்பரையினர் என அரசினர் அறிவித்துவிட்டால், அவ்வறிவிப்பு செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றமும் கேட்டல் கூடாது. அறிவிக்கப்பட்டவர் கைரேகை வைத்துப் பதிதல் வேண்டும். இரவில் குறித்த இடத்தில் முன்னிலை கொடுத்தல் வேண்டும். வேற்றூர் போவதாயின் சீட்டு வாங்குதல் வேண்டும். அட்டவணையிற் கண்ட குற்றங்களில் இரண்டாம் முறை தண்டிக்கப்பட்டால் ஏழாண்டுக்குக் குறையாத சிறை. மூன்றாம் முறையாயின் வாழ்நாள் முழுதும் நாடு கடத்தல். மற்றொருவன் செய்தால் சில திங்கள் சிறையோடு போகும் பிழைக்கு இவனுக்கு வாழ்வே போம்.

அச்சீட்டை மக்கள் ராத்திரிச் சீட்டு என்றனர். மூலச்சொல் ராதாரி என்பது; வழிச்செலவுக்குரிய அனுமதியைக் குறிக்கும் பாரசீகச் சொல். இரவெல்லாம் கண்விழித்துப் பெயர் கொடுத்த மக்களுக்கு அஃது இரவுச் சீட்டாகவே செவியிற் பட்டதில் வியப்பென்னை? மணம் முடித்த அன்றிரவே மணமகன் சாவடிக்குச் சென்று படுக்க நேர்ந்ததை அவ்வட்டாரத்தார் இன்றும் கூறுவர்.

இச்சட்டம் களவைக் குறைத்ததா? சற்றே சிந்தியுங்கள். பதிவேட்டில் பெயருள்ளவனை வேலைக்கு வைப்பார் யார்? வெளியூர்ச் சந்தைக்கு மாடு ஓட்டிச் செல்பவன் சீட்டுக்காக இரண்டு நாள் காத்திருந்தால் சந்தை அவனுக்காக நிற்குமா? நேர்வழி அனைத்தையும் அடைத்துவிட்டு ஒருவன் குறுக்குவழியிற் போகின்றான் எனக் குறை கூறுதல் என்ன நீதி? வகுப்பில் ஒரு பொருள் காணாமற் போனால், பிள்ளைகள் எல்லாரும் ஒரே பிள்ளையைத் திரும்பிப் பார்ப்பதை ஆசிரியர் தொழிலில் உள்ளோர் அறிவர். ஆசிரியரும் அவனையே பார்ப்பாராயின், அப்பிள்ளை அன்றே பள்ளியை வெறுக்கின்றான். பின்பு உண்மையில் எடுத்தவன் யார் என்பது தெரிந்தாலும் அவ்வெறுப்பு மாறுவதில்லை. இச்சட்டம் ஒரு நாட்டையே அவ்வாறு திரும்பிப் பார்த்தது. கள்வன் என்னும் ஒரு சொல்லை நம்பி ஆராயாது கொன்ற பழி மதுரைக்குப் பழமையானதுதானே.

பிரமலை நாட்டாருக்கு மட்டும் வந்த துன்பம் இஃதென்று எண்ணற்க. சென்னை மாகாணத்தில் இச்சட்டத்தின் வாய்ப்பட்ட மற்றொரு மக்கள் குறவர். அவருள் ஒரு சாரார் பொதிமாட்டிலும் கழுதையிலும் உப்பும் தானியமும் ஏற்றிக் கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் இடையே திரிந்து வாணிகம் செய்தவர். சங்க நூல்களில் வரும் உமணரின் தொழிலை ஒத்தது அவர் தொழில். கம்பெனி அரசு உப்பைத் தன்வயமாக்கி வரி விதித்தது. இருப்புப்பாதை வந்து பொதிமாட்டின் வேலையைப் பறித்தது. பஞ்சம் மாடுகளைக் கொன்றது. 1882-ஆம் ஆண்டுச் சென்னை வனச்சட்டம் மூங்கிலும் ஈச்சோலையும் வெட்டக் கூடாதென்றது. வாணிகமும் போய்க் கூடை முடைதலும் போயிற்று. திரிதல் ஒன்றே எஞ்சியது. பின்னர் அத்திரிதலையே குற்றத்துக்கு அடையாளமாகக் காட்டி, அவரைப் பிடித்துக் குடியேற்றங்களில் அடைத்தனர். குண்டூர்ப் பக்கம் ஸ்டூவர்ட்புரம் என்னும் குடியேற்றம் அவ்வாறு தோன்றியதே. கைத்தொழில் போனதும் களவு வந்தது என்று ஒரு வரியில் எழுத வேண்டிய வரலாற்றைக் குலத்தின் இயல்பு என்று எழுதி முடித்தனர்.

இங்கே ஒரு தடை எழும். வறியார் எல்லாரும் களவு செய்தல் இல்லையே, பட்டினி கிடந்தும் பிறர் பொருளை விரும்பாதவர் எத்துணையோ பேர் உளரே என்பர். உண்மை. வள்ளுவர் கள்ளாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்து, நல்குரவை அதற்கு விலக்காகக் கூறாதது அதனாற்றான். களவு செய்தவனைத் தண்டித்தல் அரசன் கடன் என்பதில் எனக்கு ஐயமில்லை. யான் மறுப்பது வேறொன்று. செய்தவனைத் தண்டித்தல் ஒன்று. செய்யாதவனையும் அவன் பிள்ளையையும் பிறக்கும்போதே பதிதல் மற்றொன்று. முன்னது நீதி. பின்னது நீதியும் அன்று, காவலும் அன்று. ஏனெனில் அவரால் வேறெதுவும் ஆகமுடியாதபடி அது செய்துவிடுகின்றது. தொழில் இழத்தல், நிலம் வறளல், பெயர் கெடல் ஆகிய மூன்றும் ஓரிடத்திற் கூடியபோதே களவு ஒரு வட்டாரத்தின் வழக்கமாயிற்று. அம்மூன்றனுள் ஒன்று நீங்கிய மேலூரில் அது நிற்கவில்லை.

மேற்கு நாட்டார் இதனை அமைதியாக ஏற்றுக்கொண்டனர் என எண்ணற்க. 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள், உசிலம்பட்டி வட்டாரத்தைச் சேர்ந்த பெருங்காமநல்லூரில் கைரேகை பதியப் போலீஸார் சென்றனர். ஊரார் மறுத்துத் திரண்டனர். துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. 16 பேர் மாண்டனர். மாயக்காள் என்னும் பெண்மணியும் அவருள் ஒருவர். குண்டடி பட்டுக் கிடந்தார்க்குத் தண்ணீர் கொடுக்கச் சென்றவர் அவர் என்பர். மதுரையில் பாரிஸ்டராக இருந்த ஜார்ஜ் ஜோசப் இம்மக்களுக்காக வழக்காடினார். செங்கன்னூரில் பிறந்த மலையாளக் கிறித்தவர். இம்மக்களோடு குலத்தாலோ மதத்தாலோ எவ்விதத் தொடர்பும் இல்லாதவர். அவரை அவர்கள் ரோசாப்பூ துரை என்று பெயரிட்டு அழைத்தனர். நாட்டுப்புறத்து மக்கள் ஒருவரைத் துரை என்று அன்போடு அழைத்தல் அரிதினும் அரிது!

அதே 1920-ஆம் ஆண்டையொட்டி அரசினர் மற்றொரு வழியையும் தொடங்கினர். கள்ளர் சீரமைப்பு என்பது அதன் பெயர். ஆங்கிலத்தில் அதற்கு இட்ட சொல் தரிசு நிலத்தைத் திருத்தி விளைநிலமாக்குதலைக் குறிப்பது. மனிதரைத் தரிசு என்று கருதிய செருக்கு அச்சொல்லில் இருப்பினும், திருத்தினால் விளையும் என்ற ஒப்புதலும் அதிலேயே அடங்கியுள்ளது. பிறப்பிலேயே கள்வர் என்றால் பள்ளிக்கூடம் எதற்கு? ஒரே அரசு ஒரு கையாற் பிறவிக் குற்றவாளி என்று பதிந்துகொண்டு, மறு கையால் அரிச்சுவடி கொடுத்தது. எந்தக் கை உண்மையை அறிந்திருந்தது என்பதை அன்பர்களே முடிவு செய்துகொள்க.

ஊர்தோறும் பள்ளி; சில இடங்களில் மாணவர் தங்கிப் படிக்கும் விடுதி; கூட்டுறவுச் சங்கம், கிணறு, நிலம் எனப் பல வகையாக அத்திட்டம் நடந்தது. அதனை முழுதும் புகழ்தல் என்னால் இயலாது. முதலில் அது போலீஸ் அதிகாரிகளின் கைக்குள் இருந்தது. பள்ளிக்கு வருதலும் பதிவேட்டுக்கு வருதலும் வேறல்ல என்று மக்கள் அஞ்சும்படியாயிற்று. காவல்துறையார் நடத்தும் பள்ளியிற் பயிலும் பிள்ளை தன்னை யார் என்று எண்ணிக்கொள்ளும்? எனினும் எழுத்து எழுத்துத்தான். விதைத்தவன் கருத்து எதுவாயினும் விதை முளைத்தே தீரும். அப்பள்ளிகளிற் கற்றவர் மனு எழுதினர், சட்டத்தைப் படித்தனர், ஆசிரியரும் வழக்கறிஞரும் அரசு ஊழியரும் ஆயினர். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் ஏறத்தாழ 300 கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் நம் காலத்திலும் நடந்து வந்துள்ளன. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அங்கே பயில்கின்றனர். துறைகள்தோறும் பிரிந்து கிடக்கும் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையின்கீழ்க் கொணர்தல் வேண்டும் என 2023-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தமிழக அரசு அறிவித்தபோது, அவ்வட்டாரத்து மக்கள் அதனை எதிர்த்துப் பேசினர். தம்மை இகழ்ந்த பெயரோடு வந்த பள்ளியையே தமது என்று காக்க முற்பட்டமை நினைக்கத்தக்கது.

சட்டம் ஒழிந்த வரலாற்றைச் சுருங்கக் கூறுவேன். இராமநாதபுரத்து ஆப்பநாட்டு மறவர்மீதும் அது பாய்ந்தபோது, 1934-இல் அபிராமத்தில் மாநாடு கூடிற்று. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் அப்போராட்டத்தில் முன்னின்றார். 1947-ஆம் ஆண்டில், நாடு விடுதலை பெறுதற்குச் சில வாரங்கட்கு முன்னர், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் தலைமையில் இருந்த சென்னை அரசு அச்சட்டத்தை நீக்கியது. இந்தியா முழுமைக்கும் 1952 ஆகஸ்டு 31-ஆம் நாள் அது நீங்கிற்று. தமிழ்நாட்டில் 68 சமூகத்தார் சீர்மரபினர் என்று வழங்கப்படுகின்றனர். பரம்பரைக் குற்றவாளி என்ற பெயர் போய், வழக்கக் குற்றவாளி என்னும் பெயரால் 1948-இலேயே மற்றொரு சட்டம் வந்ததையும் மறத்தல் கூடாது. ஆயினும் பின்னது செய்தவனைப் பற்றியது, பிறந்தவனைப் பற்றியதன்று என்னும் அளவில் அது மேல். காகிதத்தில் அவ்வேறுபாடு தெளிவாக இருப்பினும் சிறைச்சாலைகளில் அது தெளிவாக இல்லை. பல மாநிலங்களின் சிறை விதிகளில் சாதியும் பழைய குற்றப் பரம்பரைப் பெயரும் ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றை அரசியலமைப்புக்கு முரணானவை என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2024-ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில்தான். சட்டம் இறந்து 72 ஆண்டுகள் கழிந்தும் அதன் எழுத்து சிறைக்குள் இருந்தது.

இனி நீரைப்பற்றி ஒரு செய்தி. மேற்கு நாட்டுக்கும் வைகை நீர் வேண்டும் என்பது உசிலம்பட்டி வட்டாரத்தாரின் நெடுநாள் வேண்டுகோள். வைகை அணை 1959-இல் கட்டி முடிந்தது. அணையிலிருந்து உசிலம்பட்டிப் பக்கத்துக் கண்மாய்களுக்கு நீர் கொண்டுசெல்ல 58 கிராமக் கால்வாய் என்னும் திட்டம் வகுக்கப்பட்டு, வேலை பல்லாண்டு நீண்டு, 2018-ஆம் ஆண்டில் சோதனையாக அதில் நீர் விடப்பட்டது. கண்மாய்க் கரைகளில் நின்று பெண்கள் குலவையிட்டு அந்நீரை வரவேற்றிருப்பர் என்று எண்ணிக்கொள்கின்றேன். மேலூருக்கு நீர் சென்ற 1895-ஆம் ஆண்டுக்கும் அந்த ஆண்டுக்கும் இடையே 123 ஆண்டுகள். இன்னும் அக்கால்வாயில் ஆண்டுதோறும் நீர் வருவதில்லை. அணை நிரம்பும் ஆண்டுகளில் திறக்கப்படுகின்றது. நிரந்தரமாகத் திறத்தல் வேண்டும் என்று அவ்வூர் வேளாண் மக்கள் மனு எழுதிக்கொண்டிருக்கின்றனர்.